பேசாதவர்களுக்கு வரைந்த வீடு

எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் கையில் அளவு நாடா வைத்திருப்பவன் நல்லவனாக இருக்க முடியாது. ஆந்திரம் தனி ராஜ்யமாகிவிட்டது. அது எங்கே முடிகிறது என்பதுதான் முடிவாகாமல் கிடந்தது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று டெல்லி வரைக்கும் இழுபறி. கிராமம் கிராமமாக யார் எந்தப் பாஷை என்று கணக்குப் பார்த்துத்தான் எல்லைக் கோடு போடப் போகிறார்களாம். அப்படிப்பட்ட நேரம் பார்த்து, மெட்ராஸில் கட்டடம் வரையப் படித்துவிட்டு, தோளில் தோல் பை, பையில் நாடா, கக்கத்தில் சுருட்டிய காகிதம் என்று நான் ஊர் திரும்பினேன். என் ஜாதகத்தை எழுதியவன் யாரோ, அவன் கையை உடைக்க வேண்டும்.

சொந்த ஊர் நகரி. வீட்டில் எல்லோருக்கும் தறி வேலை. எனக்கு வந்த முதல் வேலையும் எங்கள் தெருவிலிருந்தே வந்தது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு தறிக்கூடம் போட நினைத்தார்கள். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று யோசித்து, கூரையை வடக்குப் பக்கம் தூக்கி ஒரு பிளான் போட்டேன். முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்பில் கோடும் இழுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் குச்சி ஒன்றையும் காணோம். கோட்டின் மேல் யாரோ சாணித் தண்ணீர் தெளித்துவிட்டிருந்தார்கள். பெரியப்பா முறை ஆகவேண்டிய ஒருவர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"மெய்யைச் சொல்லு நைனா. இந்தக் கோடு எங்க போயி முடியுது? எங்க ஊடு அதுக்கு இந்தாண்ட வருதா, அந்தாண்ட பூடுதா?"

தறிக்கூடத்துக்குப் போட்ட கோடு என்று நான் எத்தனை சொல்லியும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாரே தவிர நம்பவில்லை. தெருவில் பாதி பேருக்கு நான் ஆந்திராக்காரன் அனுப்பிய ஆள், மீதிப் பேருக்கு மெட்ராஸ்காரன் அனுப்பிய ஆள். பிறந்து வளர்ந்த தெருவில், என் மூக்கு ஒழுகியதைப் பார்த்தவர்களே என்னை வேவு பார்ப்பவன் என்று நினைத்தார்கள். தறிக்கூடம் அதோடு நின்றது. எனக்கு வந்த கோபத்தில் சித்தூருக்குப் போய், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில் அறை எடுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு வக்கீல் தன் வீட்டோடு சேர்த்து ஆபீஸ் அறை கட்ட வேண்டும் என்று கூப்பிட்டார். பிளானைப் பார்த்தார், பிடித்திருந்தது, காபி வந்தது. பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று கேட்டார். நகரி என்றேன். அப்பாவும் அங்கேதானா என்றார். ஆமாம் என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை. ஊரை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி நகரியில் நடந்த தமிழ்க் கூட்டம் ஒன்றில் என் நைனா போய் உட்கார்ந்துவிட்டு வந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலும் இருந்திருக்கலாம், கட்டுவதற்கே அவருக்கு மனசு மாறியிருக்கலாம். ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது, ஒரு முறை அப்படித் தோன்றிவிட்டால் பிறகு எல்லாம் அப்படியே தெரிய ஆரம்பிக்கும். கீழே காபிக் கடைக்காரன் படியேறும் ஆட்களை எட்டிப் பார்த்தால், யாருக்கோ சேதி சொல்கிறான் என்று நினைத்தேன். தபால்காரன் கவரைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் எனக்கு ஒரு அர்த்தம் கிடைத்தது.

அன்றிலிருந்து ஒரு தீர்மானம். வேலை விஷயமாக எவனிடமும் தமிழில் வாய் திறப்பதில்லை. தெலுங்கு எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வந்தது, என் பெயரும் இரண்டு பாஷைக்கும் பொதுவானது. எந்த ஊர் என்றால் சித்தூர். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இந்த லட்சணத்தில் எனக்கென்று ஒரு கொள்கை வேறு இருந்தது. மெட்ராஸில் எங்களுக்கு வீட்டின் முகப்பை அழகாக வரையத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தூண் எப்படி, வளைவு எப்படி, தெருவிலிருந்து பார்த்தால் எப்படி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் குடியிருப்பவர்கள் தெருவில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டா வாழ்கிறார்கள்? ஆகவே யார் வீடு கட்டக் கூப்பிட்டாலும், அவர்கள் இப்போது இருக்கும் பழைய வீட்டில் சில நாட்கள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். பழைய வீட்டின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, யார் எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், யார் யாரோடு எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பென்சிலால் கோடு போடுவேன். கோடுகள் எங்கே கொத்தாகச் சேர்கின்றனவோ அதுதான் அந்த வீட்டின் உயிர். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் போதும். மனிதர்களிடம் கேட்டால் பெருமைக்காக எதையாவது சொல்வார்கள், கால்கள் பொய் சொல்லாது என்று அடித்துப் பேசுவேன். வயசு அப்படி.

திருப்பதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் எனக்குச் சொல்லியனுப்பினார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், வீட்டில் கணவனும் மனைவியும்தான். ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் வாடகை வீடு. ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்ட ஆசை. சித்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கடையின் பெயர்ப் பலகையில் தெலுங்கு எழுத்துக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் புதுப் பச்சை வர்ணமாக இருந்தது. எதையோ அழித்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பழைய கூட்டாளியின் பெயராக இருக்கும், கூட்டாளியை ஏமாற்றித் துரத்தியிருப்பார், இவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அவர் பேசிய தெலுங்கு பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தது போல சுத்தமாக இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். பெரிய மனிதத் தோரணை என்று நினைத்துக்கொண்டு நானும் அதே சுத்தத்தில் பதில் சொன்னேன். வீட்டில் சில நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எதற்கு, என்ன பார்ப்பீர்கள், யாரிடமாவது காட்ட வேண்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். என் முறை அதுதான் என்றேன். அரை மனதோடு சரி என்றார்.

போய் உட்கார்ந்தேன். அப்படி ஒரு வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. கணவனைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் கதவு நிலையில் ஒரு தட்டு. அவர் எழுந்து போவார். உள்ளே ஏதோ ஜாடையில் நடக்கும், திரும்பி வருவார். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தால் தலையை மட்டும் அசைப்பாள். சமையலறைக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். ஒரு நாள் பின்வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தாள், என்னைக் கண்டாள், வந்த வழியே போய்விட்டாள். என் படத்தில் அந்த அம்மாளின் கோடு சமையலறையிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து சமையலறைக்கும் மட்டும் ஓடியது. தெருப்பக்கம் ஒரு கோடு கூடக் கிடையாது.

நான் என்ன முடிவுக்கு வருவேன்? கூச்சமும் தனிமையும் விரும்புகிற பெண், பேச்சு குறைந்த குடும்பம், விருந்தாளி அதிகம் வராத வீடு. சித்தூர் மாடி அறையில் உட்கார்ந்து மிகுந்த சந்தோஷத்தோடு வரைந்தேன். முன்னால் வீட்டுக்காரருக்கு வந்தவர்களோடு உட்கார ஒரு கூடம், தெருவைப் பார்த்து அகலமான ஜன்னல்கள். நடுவில் முற்றம். முற்றத்துக்கும் அப்பால், எல்லாவற்றுக்கும் கடைசியில், சமையலறை. கூடத்து இரைச்சல் எட்டக்கூடாது என்று அதற்குக் குறுக்கே தடித்த செங்கல் சுவர். பக்கத்து வீட்டுக் கண் படாமல் உயரத்தில் காற்றுக்கு ஒரு திறப்பு. ஒரு பெண்ணின் மனசைப் படித்து அவளுக்கென்று வரைந்த சமையலறை ஆந்திரத்தில் இது ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிளானைக் கொடுத்ததும் பாத்திரக்கடைக்காரர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். மூலையில் போட்டிருந்த அம்புக்குறியில் விரலை வைத்து, இது எந்த ஊரைக் காட்டுகிறது என்று கேட்டார். வடக்கு என்றேன். வடக்கே எந்த ஊர் என்றார். நெல்லூர், ஓங்கோல் என்று போகும் என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை, அம்பு மெட்ராஸ் பக்கம் காட்டிவிடுமோ என்று இவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அதோடு விடாமல் பிளானைச் சர்வே இலாகாவில் இருந்து ரிடையரான ஒருவரிடம் கொண்டுபோய், இதில் எல்லைக் கோடு ஏதாவது ஒளித்து வரைந்திருக்கிறதா என்று காட்டியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். திரும்பி வந்து ஒரு மாற்றமும் சொல்லாமல், அப்படியே கட்டுங்கள் என்றார். ஒரு சுவரைக் கூட நகர்த்தச் சொல்லாத வீட்டுக்காரரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. என்னைச் சீக்கிரம் கணக்குத் தீர்த்து அனுப்பத் துடிக்கிறார் என்று தோன்றியது. அது மட்டும் சரியாகத்தான் தோன்றியிருக்கிறது.

வீடு எழும்பியது. பால் காய்ச்சும் நாளும் வந்தது. காலையில் நான் போய்ச் சேரும்போதே வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவில் வண்டி மாறி ஒரு கூட்டம், சத்தியவேட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் ஒரு கூட்டம். விருந்தாளி வராத வீட்டுக்கு இத்தனை ஜனமா என்று யோசித்துக்கொண்டே முற்றத்தைத் தாண்டி, என் சமையலறை எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று உள்ளே போனேன். அதற்குள் சத்தம் கேட்டது.

"ஏய், அந்தக் குண்டானை இப்டி நவுத்துடீ. பாலு பொங்கற நேரத்துல எங்க போய்க்கினு கீற? ஏங்க்கா, நீ இன்னா சும்மா குந்திக்கினு, குலவை போடக் கூடாதா?"

பேசியது அந்த அம்மாள். வாய் மூடாமல், சிரித்துக்கொண்டு, ஒரே சமயத்தில் நான்கு பேரை வேலை வாங்கிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவள் வாயில் இருந்த சொல் அப்படியே நின்றது. சுற்றி இருந்த பெண்களும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து நுரைத்தது.

என்னையறியாமல் வந்துவிட்டது. "அம்மா, நீங்க தமிழா?"

அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக எடுத்தாள். "அப்ப நீ?"

"நகரி."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே போய்விட்டது. திரும்பி என் தடித்த சுவரைப் பார்த்தாள், உயரத்தில் இருந்த திறப்பைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்குப்பா என்னக் கொண்டாந்து இங்க அடைச்ச?" என்றாள். "தெலுங்குக்காரன் கணக்கெடுக்க வந்து கீறான், வாயத் தொறக்காதன்னு எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. எனுக்குத் தெலுங்கு வராது. உனுக்குப் பயந்துக்கினு ஊமையாட்டம் குந்தினு இருந்தேன். தெருவுல போறவளக் கூப்ட்டு நாலு வார்த்த பேசலன்னா எனுக்கு சோறு எறங்காது. இந்தச் செவுத்தாண்ட நின்னுக்கினு நான் ஆரு கூடப் பேசறது?"

நான் வரைந்தது பயத்தின் நடமாட்டத்தை. என்னைக் கண்ட பயம் எங்கெல்லாம் நடந்ததோ, எங்கெல்லாம் ஒளிந்ததோ, அதையெல்லாம் கவனமாகக் கோடு போட்டு, அதற்குச் செங்கல்லில் ஒரு நிரந்தரம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் இனி தன் ஆயுசு முழுக்க அதற்குள் நின்று சமைக்க வேண்டும்.

சுவரை உடைத்துவிடலாம் அம்மா, முற்றத்துப் பக்கமும் தெருப்பக்கமும் திறந்துவிடுகிறேன், ஒரு வாரம் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் வந்துவிட்டார். நான் தமிழில் பேசுவதை வாசல்படியில் நின்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, அட, நம்ம ஆளா என்று கட்டிப்பிடித்துக்கொள்வோம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இத்தினி நாளா தமிழ் தெரியாதவனாட்டம் நடிச்சிக்கினு எங்க ஊட்டுல குந்தி கோடு போட்டியே, உன்ன ஆரு அனுப்புனது?"

யாரும் அனுப்பவில்லை, நீங்களும்தானே மறைத்தீர்கள் என்றேன்.

"நான் இந்த ஊர்ல கடை வச்சிக்கினு கீறேன். பலகையில தமிழை அழிச்சிட்டுப் பொழைக்கிறேன். எனுக்குப் பயம் இருக்குது. படிச்சவன், உனுக்கு இன்னா பயம்?"

வக்கீல் வீட்டுக் காபியைப் பற்றிச் சொன்னேன். தறிக்கூடத்துக் குச்சியைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஜோடித்த கதை மாதிரி இருந்தது. அவர் நம்பவில்லை. தெலுங்கன் என்று நினைத்தபோதாவது என்னை ஒரு சர்க்கார் ஆள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். தமிழன் என்று தெரிந்த பிறகுதான் நான் முழு வேவுக்காரன் ஆனேன். சுவரை உடைக்கும் பேச்சே வேண்டாம், இனி நாடாவை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். விருந்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. உள்ளூர்த் தமிழைக் காதில் கேட்டும் என்னை நம்பாத மனிதர். ஆனால் கண்ணை மூடினால் அவர் தெரியவில்லை, அந்தச் சுவருக்கு முன்னால் கரண்டியோடு நின்ற அம்மாள்தான் தெரிந்தாள். நான் இல்லாத வீட்டிலும் அவள் எனக்குப் பயந்து பேசாமல் இருப்பது போல இருந்தது.

எல்லை வழக்கு ஒருவழியாக முடிந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது, சித்தூரும் திருப்பதியும் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கும் சின்னச் சின்ன வேலைகள் கிடைக்க ஆரம்பித்தன. திருப்பதியில் ஒரு சத்திரம் கட்டும் வேலைக்காக அதன் தர்மகர்த்தா என்னைக் கூட்டிக்கொண்டு இடம் காட்ட நடந்தார். தெலுங்கர், நல்ல மனிதர் என்று பெயர். போகிற வழி அந்தப் பாத்திரக்கடைக்காரர் வீட்டுத் தெருவாக அமைந்துவிட்டது.

தூரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. நான் வெள்ளையடித்து நிறுத்திய முகப்பு கரி படிந்து கிடந்தது. அகலமான ஜன்னல்களிலிருந்து புகை வந்தது. கிட்டப் போனால், வீட்டுக்காரருக்கு என்று நான் போட்ட கூடத்தில் அடுப்பு எரிகிறது. அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, தெருவில் குடத்தோடு நிற்கும் ஒருத்தியோடு சளசளவென்று தமிழில் பேசிக்கொண்டிருக்கிறாள். சுவரை உடைக்க விடாவிட்டால் என்ன, அடுப்பையே தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். கடைக்காரர் பின்னால் என் அமைதியான சமையலறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவாராக இருக்கும். என் முகப்பு நாசமாகிவிட்டது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நின்று வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்ஜினீரு தம்பி தானே? உள்ள வாப்பா. அன்னிக்கித் துன்னாமப் பூட்ட, இன்னிக்கி ஒரு வாய் துன்னுட்டுப் போ."

தர்மகர்த்தா நின்றார். ஜன்னலைப் பார்த்தார், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சும்மாதான் பார்த்திருப்பார். என் வாய் அதற்குள் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டது. இல்லை அம்மா, வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று, பாடப்புத்தகச் சுத்தத்தோடு.

அவள் கத்தியை நிறுத்தினாள். எனக்குப் பக்கத்தில் நின்ற மனிதரை ஒரு தரம் பார்த்தாள். அதற்குள் அவளும் கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டிருந்தாள் போல.

"மஞ்சிதண்டி," என்றாள், நல்லதுங்க, போய் வாங்க என்று அந்நியர்களுக்குச் சொல்கிற மரியாதையோடு. "போயி ரண்டி."

நாங்கள் நடந்தோம். குடத்துக்காரி ஏதோ கேட்டது என் காதில் விழுந்தது. தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்த ஜன்னலிலிருந்து பதில் வரவில்லை.